முதுசமா, தேடியதேட்டமா?

காணி உறுதிகளோடு பழகிய நம் குடும்பங்களுக்கு முதுசம், தேடியதேட்டம் என்னும் சொற்களை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பெற்றோர் வழியாக வந்து சேர்ந்தது முதுசம். மணவாழ்வுக் காலத்தில் கணவனும் மனைவியும் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை இவ்விரண்டையும் பிரித்தே நோக்கியது. முதுசக் காணி முதுசமாகவே நிற்கும். அக்காணியிலிருந்து மணவாழ்வுக் காலத்தில் வரும் வருமானமோ தேடியதேட்டத்தோடு சேரும். இந்தப் பகுப்பில் ஒரு நீதி இருக்கிறது. உழைத்தவனுக்கு அவன் உழைப்பின் பயனை அது மறுக்கவில்லை; அவனுக்கு முன்னும் பின்னும் உள்ளவர்களை மறக்கவுமில்லை.

இப்போது, அன்பு வாசகரே, உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். காலபோக வெள்ளாண்மை அறுவடையாகிவிட்டது. நெல் மூடைகளில் ஏறி வீட்டுக்கோ ஆலைக்கோ போய்விட்டது. அந்த நெல் உழைப்பின் பயன், அது தேடியதேட்டம். அது விளைந்த நிலம் முதுசம். இரண்டிலும் ஐயமில்லை. ஆனால் வயலில் கிடக்கும் வைக்கோலும் நிற்கும் அரிதாளும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை? அவை நெல்லோடு சேர்ந்து நமக்கே உரியனவா? நிலத்தோடு சேர்ந்து நமக்குப் பின் வருவோருக்கும் உரியனவா? அவற்றின் மீது ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட நமக்கு உரிமை உண்டா?

இது கமக்காரருக்கு மட்டும் உரிய சிறு விடயம் என்று சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். பொறுத்திருங்கள். சோறு உண்பவர் எவரும் இக்கேள்விக்கு வெளியே நிற்பவரல்லர். காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பவர் இதற்குள் இன்னும் ஆழமாக நிற்கிறார்.

மண்ணுக்குள் இருக்கும் வீடு

வைக்கோல் யாருடையது என்று தீர்ப்பதற்கு முன், அது மண்ணில் என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டும்.

நல்ல மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள். அது மாவைப் போல உதிர்வதில்லை. கல்லைப் போல இறுகியும் இருப்பதில்லை. சிறு சிறு மணிகளாகச் சேர்ந்திருக்கும். மணலும் வண்டலும் களியும் தனித்தனியே கிடந்தால் இந்த மணிகள் உண்டாகா. உக்கிய தாவரப் பொருளும், அதை உண்டு வாழும் நுண்ணங்கிகள் சுரக்கும் பசையும், பங்கசுகளின் மெல்லிய இழைகளும், பயிரின் வேர்களும் சேர்ந்தே அவற்றைக் கட்டி வைக்கின்றன. மணிகளுக்கு இடையே சிறிதும் பெரிதுமான இடைவெளிகள் உண்டு. பெரிய இடைவெளியால் மழைநீர் கீழே இறங்கும். காற்று உள்ளே வரும். சிறிய இடைவெளியில் நீர் தங்கி நின்று, மழை ஓய்ந்த நாட்களில் வேருக்கு உதவும். ஒரு வீட்டை வாழத் தக்கதாக்குவது கல்லும் சீமெந்தும் மட்டுமா? சுவர்களுக்கு நடுவே விடப்பட்ட வெளியும்தானே? மண்ணும் அப்படியே. இந்த அமைப்பையே மண்ணின் கட்டமைப்பு என்கிறோம்.

நமது உலர் வலயத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மூடாக்கு இல்லாத வெறும் மண்ணில் விழும் பெருந்துளிகள் மணிகளை உடைக்கின்றன. உடைந்த நுண்துகள்கள் இடைவெளிகளை அடைத்து, மேற்பரப்பில் ஒரு தோலைப் போலப் படிகின்றன. அதன்பின் பெய்யும் மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. வன்னியின் செங்கபில நிற மண்ணை அறிந்தவர்களுக்கு இது தெரியும். காய்ந்தால் கல், நனைந்தால் களி. உழுவதற்குப் பதமான ஈரம் சில நாட்களே நிற்கும். அம்மண்ணில் சேதனப் பொருள் குறையக் குறைய அந்தச் சில நாட்களும் குறைகின்றன. மழை பெய்தும் பயிர் வாடுகிறது என்று கமக்காரர் சொல்வதன் பொருள் பல வேளைகளில் இதுதான்: மழை வந்தது; வீட்டுக் கதவு அடைத்துக் கிடந்தது.

இன்னொன்றும் உண்டு. குளிர்நாடுகளை விட நமது வெப்பத்தில் உக்கல் விரைவாக அழிகிறது. ஒருமுறை போட்டுவிட்டுப் பல ஆண்டுகள் சும்மா இருக்க முடியாது. எரியும் விளக்குக்கு நாள்தோறும் எண்ணெய் வார்ப்பது போல, போகத்துக்குப் போகம் மண்ணுக்கும் வார்க்க வேண்டும். அந்த எண்ணெயைத் தேடி நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. அது வயலிலேயே கிடக்கிறது.

தீக்குச்சியின் விலை

ஒரு தொன் நெல் விளைந்தால் ஏறத்தாழ ஒரு தொன் வைக்கோலும் விளையும். அந்த ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசனும், ஒரு கிலோ அளவில் பொசுபரசும், 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் உண்டு. தீ வைத்தால் நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடும். பொசுபரசில் காற்பங்கும் பொட்டாசியத்தில் ஐந்திலொரு பங்கும் போகும். எஞ்சிய சாம்பலும் காற்றுக்கும் முதல் மழைக்கும் அகப்பட்டு இடம் மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்மணிகளைக் கட்ட வேண்டிய காபன் அடியோடு போய்விடும்.

வைக்கோலை எரிக்காமல் வயலிலிருந்து முழுவதும் ஏற்றி விற்றுவிட்டால் கணக்கு என்ன? இரண்டு தொன் வைக்கோல் விளைந்த ஒரு ஏக்கரிலிருந்து 24 முதல் 34 கிலோ வரை பொட்டாசியம் வெளியே போகிறது. 50 கிலோ பொட்டாசுப் பசளை மூடை ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 25 கிலோ பொட்டாசியம். ஆகவே வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியில், கண்ணுக்குத் தெரியாமல், ஏக்கருக்கு ஒரு மூடைப் பசளையும் ஏறிப் போகிறது. கடையில் வாங்கினால் காசு கொடுக்கிறோம். மண்ணிடம் வாங்கும்போது எதுவும் கொடுப்பதில்லை.

1840இல் பயிர் ஊட்டம் பற்றிய தம் நூலால் புகழ்பெற்ற ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத கமத்தொழிலைக் கொள்ளை என்றே பின்னாளில் பெயரிட்டார். ஆய்வுகூடத்தில் வாழ்ந்த ஒருவர், நிறுத்துப் பார்த்த கணக்கின் முடிவில், ஒழுக்கநெறிக்குரிய ஒரு சொல்லைத் தேடி எடுத்தார் என்பது நம் கவனத்துக்குரியது.

வெறுஞ்சோறு போதுமா?

அப்படியானால் வைக்கோலை மண்ணில் இட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இவ்விடத்தில் நாம் அவசரப்படக் கூடாது. நல்ல மனம் மட்டும் நல்ல செயலாகிவிடாது. உண்மையையும் விசாரிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மழையை நம்பிக் கோதுமை விளையும் பென்டில்டன் என்னும் இடத்தில், 1931இல் ஒரு பரிசோதனை தொடங்கப்பட்டது. ஓராண்டு கோதுமை, மறு ஆண்டு தரிசு என்பது அங்குள்ள முறை. சில பாத்திகளில் வைக்கோலை எரித்தார்கள். சிலவற்றில் மண்ணோடு உழுதார்கள். சிலவற்றில் நைதரசன் பசளையும் சேர்த்தார்கள். ஒன்றில் மாட்டெரு இட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாட்டெரு இட்ட பாத்தியே தன் சேதனப் பொருளைக் காத்துக்கொண்டது. இலையுதிர்காலத்தில் எரித்த பாத்தியில் வீழ்ச்சி மிகக் கூடுதல். வைக்கோலை மட்டும் உழுதுவிட்ட பாத்தியும் மெல்ல மெல்ல இழந்துகொண்டே வந்தது.

காரணம் என்ன? உக்கல் வெறும் காபனால் ஆனதன்று. ஆயிரம் கிலோ காபனைக் கொண்ட உக்கல் உருவாவதற்கு ஏறத்தாழ 80 கிலோ நைதரசனும், 20 கிலோ பொசுபரசும், 14 கிலோ கந்தகமும் வேண்டும். வைக்கோலில் காபன் ஏராளம், மற்றவை சொற்பம். நுண்ணங்கிகளுக்கு அது கறியில்லாத வெறுஞ்சோறு. குறைந்ததை மண்ணிலிருந்தே அவை எடுத்துக்கொள்ளும். வைக்கோலை உழுத உடனே விதைத்தால் இளம்பயிர் மஞ்சளாவது இதனால்தான். போதிய ஊட்டம் கிடைக்காவிடில் காபனின் பெரும்பகுதி உக்கலாக மாறாமல் மூச்சாகக் காற்றில் கலந்துவிடும்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹார்டன் என்னும் இடத்தில் நடந்த ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. கோதுமை வைக்கோலை மட்டும் ஐந்து ஆண்டுகள் மண்ணில் சேர்த்த இடத்தில், ஹெக்டேயருக்கு 3.2 தொன் மண்காபன் குறைந்தது. அதே வைக்கோலோடு நைதரசன், பொசுபரசு, கந்தகப் பசளைகளையும் அளவறிந்து சேர்த்த இடத்தில் 5.5 தொன் கூடியது. அந்த மண் வேறு, நம் மண் வேறு. எண்கள் அப்படியே இங்கே பொருந்தா. ஆயினும் அடிப்படை ஒன்றே. வைக்கோலும் பசளையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. பசளை மூடை பயிருக்கு ஊட்டும். தனியே நின்று மண்ணுக்கு வீடு கட்டாது. வைக்கோல் வீடு கட்டும்; ஊட்டமின்றித் தானாகக் கட்டாது.

இந்தப் பாடத்தை நம் நாடு மிகக் கடுமையான முறையில் படித்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் பிந்திவிட்டது. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தை விட மூன்றிலொரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. மண்ணைக் காப்பது நல்ல நோக்கம். ஆனால் பல பத்தாண்டுகளாகக் குறைந்துவந்த உக்கலை ஒரே போகத்தில் ஒரு கட்டளையால் மீட்க முடியுமா? அந்தக் கட்டளையின் விலையை ஏழைக் கமக்காரன் தன் வயலிலும், ஏழைத் தாய் தன் அடுப்பிலும் செலுத்தினார்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் அளவுக்கு மீறி இடும் யூரியா பயிரில் தங்காமல் நைத்திரேற்றாகக் கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. அப்பகுதிக் கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லைக்கு மேலாக நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் கரைத்த பால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக் கூடியது. உக்கல் நிறைந்த மண் ஊட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். உக்கல் இழந்த மண் அதை அயலவர் கிணற்றுக்கு அனுப்பிவிடும். எனவே என் காணி, என் பசளை, என் விருப்பம் என்று பேசுவதற்கு இடமில்லை.

முன்னோர் தாழ்த்திய குழை

நம் முன்னோர் இந்த இரசாயனக் கணக்கை அறியார். ஆனால் கையால் அறிந்திருந்தார்கள். பூவரசங் குழையும் காட்டுக் குழையும் வெட்டி வயலில் தாழ்த்தினார்கள். பழைய பனையோலைகளைத் தோட்டத்துச் செம்மண்ணில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். ஆட்டுப்பட்டி அடைத்து, இரவுக்கிரவு இடம் மாற்றினார்கள். நெல் அறுத்த ஈரத்தில் சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். குழையில் காபனும் உண்டு, நைதரசனும் உண்டு. அது சோறும் கறியும் ஒன்றாகப் பரிமாறுவதைப் போன்றது.

இதை எழுதும்போது பழங்காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அந்தக் குழையை வெட்டிச் சுமந்தவர்களும், கிடங்கு வெட்டி ஓலை புதைத்தவர்களும் பெரும்பாலும் அந்தக் காணிகளின் சொந்தக்காரர் அல்லர். நிலமற்றவர்கள், சாதியின் பேரால் தாழ்த்தப்பட்டவர்கள், சொற்பக் கூலிக்கு நாள் முழுதும் உழைத்தவர்கள். இன்று வலிகாமத்தில் ஒரு தோட்டக்காணி நல்ல விலை போகிறதென்றால், அந்த விலைக்குள் உறுதியில் பெயர் எழுதப்படாத பலருடைய வியர்வையும் இருக்கிறது. நம் முதுசத்தை நமக்காகச் சேர்த்தவர்கள் எல்லோரும் நம் பூட்டன்மார் அல்லர்.

மண்ணில் இட்ட உழைப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் பார்லி விளையும் ஒரு வயலில், 1852 முதல் 1871 வரை ஒரு பாத்திக்கு மட்டும் ஆண்டுதோறும் எரு இட்டு, பின்னர் நிறுத்திவிட்டார்கள். நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஒருபோதும் எரு காணாத பக்கத்துப் பாத்தியை விட அந்த மண்ணில் சேதனப் பொருள் கூடுதலாகவே இருந்தது. அந்த எருவைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்தது இன்னும் முற்றாகச் செலவாகவில்லை.

பிறவாதவருக்குக் கடன் உண்டா?

இங்கே சிந்திக்கத் தெரிந்த ஒருவர் குறுக்கிடலாம். "உயிரோடிருப்பவருக்கு நான் கடன்படலாம். இன்னும் பிறவாதவருக்கு எப்படிக் கடன்படுவேன்? இல்லாத ஒருவருக்கு உரிமை எது?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

இதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. ஒருவர் தன் வளவில் ஒரு பாழ்ங்கிணற்றைக் கட்டும் இல்லாமல் மூடியும் இல்லாமல் விட்டுப் போகிறார். பத்து ஆண்டுகளுக்குப் பின் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அதில் விழுகிறது. அவர் போன நாளில் அந்தப் பிள்ளை பிறந்திருக்கவில்லை. ஆகவே அவரில் குற்றமில்லை என்று எந்த ஊரில் தீர்ப்புச் சொல்வார்கள்? தீங்கு எப்போது விதைக்கப்பட்டது என்பதல்ல, அது யாரைச் சென்று சேரும் என்பதே நீதியின் கேள்வி. எருவின் நன்மை நூறு ஆண்டு நிற்குமானால், அடித்துச் செல்லப்பட்ட மேல்மண்ணின் கேடும் அவ்வாறே நிற்கும்.

நம் உறுதிகளிலேயே இதற்குரிய ஒரு சொல்லும் இருக்கிறது. பெற்றோர் பிள்ளைக்குக் காணியை நன்கொடையாக எழுதும்போது, தமக்குச் சீவிய உருத்தை வைத்துக்கொள்வதுண்டு. சீவிய உருத்துள்ளவர் அந்த வீட்டில் இருக்கலாம், தேங்காய் பறிக்கலாம், வயலை விதைத்து அறுக்கலாம். காய்க்கும் தென்னைகளைத் தறித்து விற்க அவருக்கு உரிமையில்லை. பொருளின் பயனை நுகரலாம், பொருளை அழிக்கலாகாது என்பது உரோமச் சட்டத்திலிருந்து நம் நாட்டுச் சட்டம் வரை வந்த கொள்கை. சட்டம் சிலருக்கு மட்டும் இதை விதிக்கிறது. மனச்சாட்சி, நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதை விதிக்கிறது என்பதே நான் சொல்ல விரும்புவது. உறுதியில் முழு உரிமை எழுதப்பட்டவரும் மண்ணைப் பொறுத்தவரை சீவிய உருத்துக்காரரே.

புனித அக்குவீனாஸ் தோமையார் சொத்துரிமையை மறுக்கவில்லை. மனிதன் பொருளைத் தனதாக வைத்துப் பராமரிப்பது முறையானது, ஆனால் அதைப் பயன்படுத்தும்போது பொதுவானதாகக் கருதிப் பிறர் தேவைக்கு இடமளிக்க வேண்டும் என்று அவர் பிரித்துக் காட்டினார். அதற்கு வெகுகாலம் முன்பே லேவியர் நூலின் சட்டம், வயலின் ஓரம்வரை அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடும்படி நிலக்காரனைப் பணித்தது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வும் விதித்தது. விதைத்தவனே ஆயினும் கடைசித் தாள்வரை அவனுக்கு உரிமையில்லை என்பதே அதன் கருத்து. அன்று விட்டுவைத்த பங்கு கண்முன் நின்ற ஏழைக்கு. மண்ணில் விட்டுவைக்கும் பங்கு, கண்ணுக்குத் தெரியாத தொலைவில் நிற்கும் ஏழைக்கு. மண் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவன் அவனே.

குற்றம் யார் மேல்?

இத்தனையும் சொல்லிவிட்டு, வைக்கோலை எரிப்பவர் மேல் பழியைச் சுமத்திவிட்டுப் போவது எளிது. அது நீதியாகாது.

ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்த வயலில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். விதைநெல், உழவுகூலி, பசளை, அறுவடை இயந்திரத்தின் வாடகை எல்லாம் கடன். அடுத்த போகம் இந்த வயல் தன் கையில் இருக்குமோ என்று அவருக்குத் தெரியாது. வைக்கோலைப் பரப்பி உழுது உக்க வைத்தால் அதன் பலன் அடுத்து வருபவருக்கு, செலவு தனக்கு. அவர் தீக்குச்சியைக் கிழிப்பது அறியாமையாலா? அவருக்குக் கொடுக்கப்பட்ட குத்தகையின் கணக்கே அவரை அதற்குத் தள்ளுகிறது. விளக்கெரிக்கும் நேரத்தை மட்டும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, எண்ணெயையும் நீயே வார்த்துவிட்டுப் போ என்று ஒருவரிடம் சொல்லலாமா?

நிலத்தின் முதுசத்தை அனுபவிப்பவர் சொந்தக்காரர். ஆகவே முதுசத்தைக் காக்கும் கடமையில் பெரும்பங்கும் அவருடையதே. வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் குத்தகைப் பணத்தை மட்டும் விசாரிக்கும் நம் உறவினர்கள் இதைக் கேட்க வேண்டும். ஒரு போகக் குத்தகையை மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகையாக்கலாம். வைக்கோல் வயலுக்கே என்று பேசி, அதற்கு ஈடாகக் குத்தகையில் ஒரு பங்கைக் குறைக்கலாம். சணல் விதைக்கும் செலவை ஏற்கலாம். இவை தருமம் அல்ல. தன் பிள்ளைகளின் காணிக்குத் தான் செலுத்தும் கடன்.

மாட்டுக்கு வைக்கோல் வேண்டாமா என்று இன்னொருவர் கேட்பார். வேண்டும். பசுவை வைத்துப் பிள்ளைகளுக்குப் பால் வார்க்கும் தாயிடம் வைக்கோலை மண்ணுக்குக் கொடு என்று சொல்ல எனக்கு மனமில்லை, அதற்குத் தேவையுமில்லை. வைக்கோல் மாட்டின் வழியாக எருவாகி வயலுக்குத் திரும்பினால் அது கடன் தீர்ப்பதேயாகும். பென்டில்டனில் மண்ணைக் காத்ததும் மாட்டெருதான். திரும்பாமல் வீதியோரத்தில் கிடந்து மழையில் கரைந்துபோகும் எருவே வீண்.

கையில் உள்ளவை

எரிப்பதை நிறுத்துவது முதற்படி. கடும் நோய் கண்ட பயிரின் மிச்சத்தை அழிப்பது வேறு விடயம், அது விலக்கு. இயந்திரம் வரிசையாகக் கொட்டிய வைக்கோலையும், சூடடித்த களத்தில் குவிந்ததையும் வயலெங்கும் பரப்ப வேண்டும். ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் ஓரிடம் மட்டுமே வாழும். மாரிக்கு முன்னைய முதல் மழையின் ஈரத்தில், விதைப்புக்குச் சில வாரங்கள் முன்னதாகவே உழுதுவிட்டால், இளம்பயிருக்கும் நுண்ணங்கிக்கும் போட்டி இராது. அதனோடு எரு, குழை, அல்லது அளவறிந்த பசளை சேர வேண்டும். அளவை அயலவரின் வாயால் அறியாமல், மண்ணைப் பரிசோதித்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிவது நல்லது. வேலியில் நிற்கும் பூவரசும் கிளிசறியாவும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குழை தரும். மேட்டுத் தோட்டத்தில் அறுத்த பயிரின் தாளை மூடாக்காக இட்டால் துளியின் அடி மண்ணில் விழாது. வெயிலும் ஈரத்தை அவ்வளவு விரைவாகப் பறிக்காது.

ஒரே போகத்தில் அதிசயம் நடக்காது. விளைச்சல் முதலாண்டில் கூடாமலும் போகலாம். மண்மணிகள் மெல்லத்தான் சேரும். ஒரு தீயிலும் ஒரு வெள்ளத்திலும் விரைவாகக் கலைந்துவிடும். அதனால்தான் இதற்கு ஆர்வத்தைவிடப் பொறுமை கூடுதலாக வேண்டும்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். வைக்கோல் முதுசமா, தேடியதேட்டமா? தேசவழமையை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பெற்றோரின் தேடியதேட்டம், உரிமைவழியாகப் பிள்ளைகளைச் சேரும்போது அவர்களுக்கு முதுசமாகிவிடுகிறது. நாம் இன்று முதுசம் என்று பெருமை பேசும் எதுவும் ஒரு காலத்தில் எவரோ தேடியதே. வைக்கோல் நம் உழைப்பில் விளைந்தது. அது தேடியதேட்டம் என்றே ஒப்புக்கொள்கிறேன். அதில் ஒரு பங்கை மண்ணில் இடும்போது அதை நாம் இழப்பதில்லை. நம் தேட்டத்தை முதுசமாக மாற்றி எழுதுகிறோம். அதற்கு நொத்தாரிசும் வேண்டாம், முத்திரைச் செலவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் காணி எழுதி வைக்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் இராப்பகலாகக் கவலைப்படுகிறோம்! நாலு எல்லையும் பரப்பளவும் பிழையின்றி உறுதியில் ஏறவேண்டும் என்று எவ்வளவு கவனம் எடுக்கிறோம்! எல்லைக்குள் இருக்கும் மண் எந்த நிலையில் பிள்ளையின் கைக்குப் போகிறது என்பதை உறுதி சொல்லாது. அடுத்த அறுவடை முடிந்ததும் வயலுக்குப் போய் அதை நாமே பார்ப்போம். காணியைக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள், அடுத்த குத்தகை பேசும்போது வைக்கோலையும் ஒரு வாசகமாகச் சேர்த்துப் பேசுவார்களாக.